இருபத்து நாலாவது இலை

ஆகாயத்தில் ஏறி, கடல் தாண்டி, வேல்ஸ் என்கிற மழைத் தேசத்தில் இறங்கி, நீலநிறப் பஸ் ஒன்றில் ஏறி உட்கார்ந்த அன்றைக்கே அந்தச் சிவகாசி ஆட்கள் ஒரு ஊராகிப் போனார்கள். ஊர் என்றால் எழுதப் படிக்க ஒரு வாத்தியார் வேண்டுமே, ரிட்டயர் ஆன தனுஷ்கோடி சார் இருந்தார். வம்பளக்க ஒரு வாய் வேண்டுமே, ராஜகனி அக்கா இருந்தாள். பொங்கிப் போட ஆள் வேண்டுமே, டூர் கம்பெனி கூடவே கூட்டி வந்த சமையல்காரர் கொம்பையா, கேஸ் அடுப்பும் அண்டாவும் பெருங்காய டப்பாவுமாகப் பின் சீட்டில் இருந்தார். எல்லோரையும் கட்டி மேய்க்க மானேஜர் செல்வின் இருந்தான், கையில் ஒரு அட்டையும் பேனாவுமாக.

அந்த அட்டையில் இருபத்து நாலு பயணிகளின் பேர் இருந்தது. வந்திருந்ததோ இருபத்து மூன்று பேர்.

வராதவர் அருஞ்சுனை, தங்கபுஷ்பத்தின் வீட்டுக்காரர். டிக்கெட் எடுத்து, விசா வந்து, கம்பளிக் குல்லா வாங்கி, அதைத் தலையில் மாட்டிக் கண்ணாடி பார்த்து, "கொரங்கு மாதிரி இருக்கனோ புஷ்பம்" என்று கேட்ட மனுசன், பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார். அட்டையில் அவர் பேரை அடிக்க செல்வினுக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பஸ் புறப்படுமுன் தலையெண்ணிக்கொண்டே வருவான், இருபத்து மூன்றில் வந்து நிற்பான், முகம் கறுத்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவான், அப்புறம்தான் ஞாபகம் வந்து தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற சீட்டைப் பார்ப்பான், தலையைக் குனிந்துகொண்டு டிரைவருக்குக் கை காட்டுவான். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இது நடந்தது. ஐந்தாறு தடவையும் அவள் புருசன் புதுசாகச் செத்தார்.

தங்கபுஷ்பம் வந்தது கோட்டை பார்க்க. எல்லாக் கோட்டையையும் இல்லை, ஒரே ஒரு கோட்டையை. அருஞ்சுனை முப்பத்து நாலு வருசம் காலண்டர் அச்சாபீசில் மிஷின்மேனாக இருந்தவர். நெய்க்கடைக்கும் நகைக்கடைக்கும் லாரி ஆபீசுக்கும் அவர் ஓட்டிய படங்களில் ஒரு படம் வருசா வருசம் திரும்பி வரும்: ஒரு ஏரி, கரையில் நாலு கோபுரம் வைத்த கல்கோட்டை, முன்னால் புல். எங்கே இருக்கிற கோட்டை என்று யாருக்கும் தெரியாது. காயாத தாளை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் பார்த்தது போதாமல் வீட்டுக்கு வந்தும் புலம்புவார், "நெசத்துல இந்தப் புல்லு இம்புட்டுப் பச்சையா இருக்குமா புஷ்பம், இல்ல நாந்தான் மஞ்ச மைய ஒரு பொட்டு கூட்டிட்டனா?" அது வேல்ஸில் இருக்கிற கார்வெல் கோட்டை என்று தனுஷ்கோடி சார் தேடிக் கண்டுபிடித்துச் சொன்ன அன்றைக்குத்தான் இந்தப் பயணத்துக்குப் பேர் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் கார்வெல் கோட்டை. அந்தப் புல்லை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் அவர் போட்டோ முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

மூன்றாம் நாள் லான்வெரன் என்கிற மடத்துக்குப் போனார்கள். சாமியார்கள் இருநூறு முந்நூறு வருசம் குடியிருந்து, பிறகு ஒரு ராசா அவர்களைத் துரத்தி, கூரையைப் பிய்த்து, அதன்பின் ஆகாயமே கூரையாகிப்போன மடம். வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல் சிலுவை, அதன் உடம்பு முழுக்க முடிவே இல்லாமல் பின்னிப் பின்னிப் போகிற கோடு. ராஜகனி அக்கா அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம சிக்குக் கோலம்தான், புள்ளிய மட்டும் அழிச்சிட்டாக, கள்ளப்பயக" என்றாள். மடத்துக்குக் காவல் இருந்த மேகன் என்கிற அம்மாள், அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்க, தனுஷ்கோடி சார் கள்ளப்பயகளை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைப் பெயர்த்துச் சொன்னார். மேகனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட கூடத்திலேயே நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

கூடத்துக்கு அடுத்த அறையில், ஒரு கல்மேடை மேல், ஒரு படைவீரரும் அவர் சம்சாரமும் கல்லாய்ப் படுத்திருந்தார்கள். அவருக்குச் சங்கிலிச் சட்டை, இடுப்பில் வாள், மூக்கு கொஞ்சம் உடைசல். அந்தம்மாளுக்கு முக்காடு. காலடியில் ஒரு கல் நாய். இரண்டு பேர் கையும் ஒன்றையொன்று பிடித்தபடி இருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்தார்கள்.

கொம்பையாவுக்கு ஒரு பழக்கம். ஆட்கள் உட்காருமுன்பே அட்டையிலுள்ள கணக்குப்படி பேப்பர் இலையைப் போட்டு, உப்பு, ஊறுகாய், பொரியல், சோறு என்று எல்லாவற்றையும் பரிமாறி வைத்துவிடுவார். முதல் இரண்டு நாளும் மறக்காமல் இருபத்து மூன்று போட்டவர், அன்றைக்கு மழை வருமோ என்கிற அவசரத்தில் இருபத்து நாலு போட்டுவிட்டார். பந்தி உட்கார்ந்த பிறகு பார்த்தால் தங்கபுஷ்பத்துக்குப் பக்கத்தில் ஒரு இலை, ஆவி பறக்கப் பறக்க, ஆளில்லாமல் கிடக்கிறது. பரிமாறின இலையை ஆளில்லாமல் விடலாமா, எடுக்கத்தான் கை வருமா. தங்கபுஷ்பம் இலையைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பையாவுக்கு வியர்த்துவிட்டது. கரண்டியைத் தூக்கிப் பிடித்து நாலு பக்கமும் திரும்பி, "ஒரு இலை சும்மா கெடக்கு, யாராச்சும் வந்து உக்காருங்கய்யா" என்று பொதுவாகச் சத்தம் கொடுத்தார்.

அடுத்த அறையிலிருந்து கல் உரசுகிற சத்தம் கேட்டது. படுத்திருந்த படைவீரர் எழுந்து, வாசலில் தலையைக் குனிந்து, ஈரப் புல்லில் ஆழமாகத் தடம் பதிய நடந்து வந்து, அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பந்தியில் உட்கார்ந்தவரை யார் எவர் என்று கேட்பது மரியாதை இல்லை. கொம்பையா சாம்பார் வாளியோடு வந்து அவர் முன்னால் குனிந்தார். பாறையில் விழுந்த தூறல் மாதிரி சாம்பார் உள்ளே போனது, ரசம் போனது, மோர் போனது. "ஐயாவுக்கு அப்பளம் வைங்க, கடிச்சுச் சாப்பிடுத மாதிரி தெரியல, நொறுக்கி வைங்க" என்றாள் ராஜகனி அக்கா. தனுஷ்கோடி சார் மட்டும் தன் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார், கல் கை பட்டுவிடக்கூடாதே என்று.

சாப்பிட்டு, கை கழுவி, மேகனுக்கு ஒரு டப்பாவில் கேசரி கொடுத்துவிட்டு எல்லோரும் பஸ் ஏறினார்கள். செல்வின் தலையெண்ணினான். எண்ணிக்கொண்டே போய்க் கடைசியில் நின்று, "இருபத்து நாலு. சரியா இருக்கு, போலாம்" என்றான். மூன்று நாளில் முதல் தடவையாகக் கணக்குச் சரியாக வந்த நிம்மதியில் அவன் வேறு எதையும் யோசிக்கவில்லை. பஸ் மலைப்பாதையில் ஆறு மைல் போன பிறகுதான் அது இடது பக்கம் சாய்ந்து போவதை டிரைவர் சொன்னார். திரும்பிப் பார்த்தால், அருஞ்சுனையின் சீட்டில், ஜன்னலோரம், கல்லு ஐயா உட்கார்ந்திருக்கிறார்.

திரும்பப் போகலாமா என்று செல்வின் கேட்டான். எல்லோரும் தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவளோ தன் சால்வையை உதறி அவர் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். "கனமான ஆளுகள்லாம் வலது பக்கம் வாங்க" என்று ராஜகனி அக்கா எழுந்தாள். "நான் மொதல்ல வாரேன். யாரும் சிரிக்க வேண்டாம்." பஸ் நிமிர்ந்தது.

இப்படித்தான் அவர் அந்த ஊரில் ஒரு ஆளானார். ஏன் எழுந்து வந்தார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கொம்பையா தன் ரசம்தான் என்றார், தனுஷ்கோடி சார் சரித்திரத்தில் எல்லாவற்றுக்கும் சான்று கிடையாது என்றார், ராஜகனி அக்கா எழுநூறு வருசம் மல்லாந்தே படுத்திருந்தால் முதுகு என்னத்துக்கு ஆகும் என்றாள். ராத்திரி அவர் ஓட்டலுக்குள் வரவில்லை. காலையில் பார்த்தால் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார், தோளில் ஒரு சின்னக் குருவி. பக்தியுள்ள யாரோ அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்கள். அவர் ஆட்சேபிக்கவில்லை. போட்டோ மட்டும் யாரும் எடுக்கவில்லை, பக்கத்து வீட்டு ஆளை யார் போட்டோ எடுப்பார்கள்.

நாலாம் நாள் டின்வர் என்கிற இடிந்த கோட்டைக்குப் போனார்கள். மற்ற நாளெல்லாம் தனுஷ்கோடி சார் பலகைகளைப் படித்துச் சொல்ல எல்லோரும் அவர் பின்னால் போவார்கள். அன்றைக்குக் கல்லு ஐயா பின்னால் போனார்கள். நிலையே இல்லாத வாசலில் அவர் குனிந்து போனார், அங்கே முன்பு நிலை இருந்திருக்கிறது. மூன்று படி ஏறி, உடைந்துபோன நாலாவது படிக்குக் காலைத் தூக்கி, தூக்கினபடியே கொஞ்ச நேரம் நின்றார். பெரிய கூடத்தில் மாடித் தளம் எப்போதோ விழுந்துபோய், பாதிச் சுவரில் ஒரு கணப்படுப்பு மட்டும் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது; அதற்கு நேர் கீழே போய், இரண்டு உள்ளங்கையையும் மேலே காட்டி நின்றார், குளிர் காய்கிற மாதிரி. புல்லில் மழை விழுந்துகொண்டிருந்தது. இருபத்து மூன்று பேரும் குடை பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

தங்கபுஷ்பத்துக்கு ஒரு கல்யாண வீடு ஞாபகம் வந்தது. அச்சாபீசை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டின பிறகு, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அங்கே போனபோது, அருஞ்சுனை மொய் எழுதுகிற இடத்தில் போய் நின்றுகொண்டு நகரவே மாட்டேன் என்றார். "இங்கனதான் மிஷின் நின்னுச்சு. தரை ஆடுது பாரு, புஷ்பம், செருப்பக் கழத்திட்டு நில்லு, தெரியும்." பட்டுச்சேலையும் நகையுமாக இருந்தவளுக்கு வெட்கமாக இருந்தது, "வாங்க, பந்திக்கு நேரமாச்சு" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். செருப்பைக் கழற்றியிருக்கலாம். ஒரு நிமிசம்தானே.

திரும்பி வருகையில் அதைக் கல்லு ஐயாவிடம் சொன்னாள். கல்லிடம் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது, நடுவில் "தெரியும் தெரியும்" என்று சொல்லாது. மலைப்பாதையில் பஸ் சட்டென்று வளைந்தபோது, விழாமல் இருக்கக் கை நீட்டியவளின் கை அவர் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எதையோ பிடித்திருந்து விட்ட மாதிரி பாதி மூடினபடி, உள்ளே தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது அந்தக் கை. நாற்பத்தொரு வருசத்தில் அருஞ்சுனை வெளியில் அவள் கையைப் பிடித்ததே இல்லை. ரோட்டைத் தாண்டும்போதுகூட "வா, வா" என்று முன்னால் போய்விடுவார். அவள் கையை எடுக்கவில்லை. சாயந்திரம் செல்வின் எண்ணினான், "இருபத்து நாலு" என்றான். ஒருவரும் அன்றைக்குச் சாகவில்லை.

ஐந்தாம் நாள் முதலில் மியூசியம். கண்ணாடிப் பெட்டிகளில் துருப்பிடித்த வாள், மரக்கரண்டி, எலும்புச் சீப்பு. ஒரு சுவரில் பெரிதாக ஒரு பழைய போட்டோ: லான்வெரன் மடத்துக் கல்மேடை, அதில் அவரும் அந்தம்மாளும். கல்லு ஐயா அதன் முன்னால் நின்றார். பிறகு நகரவில்லை. ராஜகனி அக்கா "ஐயா, அடுத்த ரூமு" என்றாள், கொம்பையா டீ இருக்கிறது என்றார். அவர் அந்தப் பாதி மூடின கையைப் போட்டோவின் கண்ணாடி மேல் வைத்தபடி நின்றார்.

தனுஷ்கோடி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியில் எழுதியிருந்ததைப் படித்து, மெதுவாகச் சொன்னார். "இவரு பேரு ரீஸ். அந்தம்மா எலின். பிரசவத்துல செத்துப்போயிருக்கு அந்தம்மா. இவரு அதுக்கப்புறம் முப்பத்தோரு வருசம் இருந்திருக்காரு. வேற கல்யாணம் முடிக்கல. சிற்பியக் கூப்பிட்டு, ரெண்டு பேரு கையும் சேந்தாப்புல செதுக்கச் சொல்லியிருக்காரு, அப்புறம் தெனமும் போயி அந்தக் கல்லுக் கைக்குள்ள விரல விட்டுத் தொட்டுட்டுத் தொட்டுட்டு வந்திருக்காரு. உள்ள தேஞ்சிருக்குறது அவரு தொட்டுத் தொட்டுத்தானாம்."

செல்வின் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மணி ரெண்டு. மடம் அந்தப் பக்கம், கார்வெல் கோட்டை இந்தப் பக்கம். ஏதாச்சும் ஒண்ணுதான் முடியும். நாளைக்கு விடியக்காலம் ஏரோப்ளேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் ராஜகனி அக்கா. "தங்கம் இம்புட்டுத் தூரம் வந்ததே அண்ணாச்சி கோட்டைக்காகத்தான். கோட்டைக்கு விடுங்க. ஐயாவ ஒரு லாரியில ஏத்தி அனுப்பிட்டாப் போச்சு."

"சரக்கா அவரு?" என்றார் கொம்பையா. "நம்ம கைல சாப்பிட்டவரு."

"அப்ப நீரு தூக்கிட்டுப் போரும்."

ஆனால் எல்லோரும் கோட்டை என்றுதான் சொன்னார்கள், கொம்பையாவும் கடைசியில் அதையே சொன்னார். தங்கபுஷ்பம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. கோட்டைக்கும் போகலாம், இவரையும் விட வேண்டாம். பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு அந்தப் புல்லைக் காட்டலாம். புருசனைப் பறிகொடுத்தவளிடம் போய் இவரை ஏன் வைத்திருக்கிறாய் என்று இந்தப் பஸ்ஸில் ஒருவரும் கேட்கப்போவதில்லை. கல்லு ஐயாவும் கேட்கமாட்டார், வாய் இல்லாத மனுசன். அந்த நினைப்பு வெந்நீர் மாதிரி சுகமாக இருந்தது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு, "அந்தப் பொம்பள கை ரெண்டு நாளா சும்மால்ல கெடக்கும்" என்றாள்.

"அப்ப அந்தப் புல்லு?" என்று கேட்டார் தனுஷ்கோடி சார். தேடிக் கண்டுபிடித்தவர் அவர்தானே, அவருக்குத்தான் அதிகமாக வலித்தது.

"நீங்க போட்ட பச்சதான் பச்சைன்னு அவுககிட்டச் சொல்லிருவேன் சார். கேட்டா சந்தோசப்படுவாக." எழுந்துபோய்க் கல்லு ஐயாவின் கையைப் பிடித்தாள். "வாங்க. வீட்டுக்குப் போவோம்." அவர் நகர்ந்தார்.

லான்வெரனுக்குப் போய்ச் சேரும்போது வெயில் அடித்தது, அங்கே அது அதிசயம். மடத்து வாசலில் ஏழெட்டு சைக்கிள் நின்றது. கதவில் ஒரு தாள் ஒட்டி, அதில் நிறையப் பேர் எழுதி, பேருக்கு எதிரே மணி எழுதியிருந்தது. மேகன் ஓடி வந்தாள். அவள் சொன்னதைத் தனுஷ்கோடி சார் சொன்னார்.

"இவரு பஸ் ஏறுனத இந்த மேகனம்மா பாத்திருக்கு. எழுநூறு வருசம் படுத்துக் கெடந்த மனுசன், நாலு எடம் பாத்துட்டு வரட்டும்னு விட்டுருச்சாம். ஆனா அந்த எலினம்மா கையத் தனியா விடப் பிடிக்கலையாம். அதான் ஊருக்குள்ள சொல்லி ஆளுக்கு ஒரு மணி நேரம் மொறை வச்சிருக்காக. போஸ்ட்டுக்காரம்மா, பள்ளிக்கூட டீச்சரு, எல்லாரும் வந்து அந்தக் கையப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காக. ரெண்டு நாளும் கை ஆறவே இல்லையாம்."

உள்ளே கல்மேடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அந்த ஊர்க் கறிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார், வயசானவர், வெள்ளை ஏப்ரனோடு அப்படியே கடையிலிருந்து வந்த ஆள். அவர் கை கல் அம்மாளின் கைக்குள் இருந்தது. கல்லு ஐயாவைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், பக்கத்துக் கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஆட்டுகிற மாதிரி.

கல்லு ஐயா தோளிலிருந்த சால்வையை எடுத்து மடிக்கத் தெரியாமல் அப்படியே ராஜகனி அக்காவிடம் கொடுத்தார். மேடையில் ஏறினார், முதுகைச் சாய்த்தார், காலை அந்த நாயின் மேல் வைத்தார். ஆனால் அவர் கை தங்கபுஷ்பத்தின் கையை விடவில்லை. படுத்தபின் கல் கல்லாகிக்கொண்டே வந்தது, அவள் விரல்களைச் சுற்றி இறுகிக்கொண்டே வந்தது.

"செல்வின், புடிச்சு இழுப்பா" என்றாள் ராஜகனி அக்கா.

"இழுக்காதீங்க" என்றாள் தங்கபுஷ்பம். "யாரும் வராதீங்க."

ஆஸ்பத்திரியில் அப்படித்தான் இழுத்தார்கள். அருஞ்சுனையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கொழுந்தன் தோளைப் பிடித்து, "போதும் மதினி, போயாச்சு, விடுங்க" என்று பிரித்துக் கொண்டுபோனான். விட்டது அவள் இல்லை. இத்தனை மாசமும் அந்தக் கை எங்கேயோ விரிந்தபடி கிடக்கிறது என்றே அவளுக்கு இருந்தது.

இப்போது அவள் குனிந்து, கல் விரல்களின் இடுக்கில் தன் சுண்டு விரலை முதலில் தளர்த்தினாள். கொஞ்சம் பொறுத்தாள். பிறகு மோதிர விரல். பிறகு நடு விரல். அவசரமே படவில்லை, பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கவும் இல்லை. ஆட்காட்டி விரலையும் பெருவிரலையும் சேர்த்து உருவினபோது அவரது கை இன்னும் பாதி மூடினபடி, இன்னும் கொஞ்சம் இளக்கமாகவே இருந்தது. கறிக்கடைக்காரர் தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார். அவள் இந்தக் கையைத் தூக்கி அந்தக் கைக்குள் வைத்தாள். கல் கல்லோடு சேருகிற சின்னச் சத்தம் கேட்டது.

"எலினம்மா" என்றாள், முக்காட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தமிழில்தான். "ஒங்க வீட்டுக்காரர ஒரு கொறையும் இல்லாம வச்சிருந்தோம். நேரா நேரத்துக்குச் சாப்பிட்டாரு. மோருன்னா உசுரு. அந்த இடிஞ்ச கோட்டையப் பாத்துத்தான் கொஞ்சம் மனசு சங்கடப்பட்டாரு, மத்தபடி நல்லா இருந்தாரு."

எல்லோரும் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். தங்கபுஷ்பம் நிமிர்ந்தபோது கறிக்கடைக்காரர் முக்காலியிலேயே உட்கார்ந்து, மரத்துப்போன கையை உதறி உதறி, விரலை மடக்க முடியாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். குளிர்ந்த கல்லை ஒன்றரை மணி நேரம் பிடித்தபடி இருந்தவர். அடுத்த முறைக்காரர் வரவில்லை போல.

"மரத்துருச்சா? அப்படி உதறுனா சரியாகாது. இங்க குடுங்க" என்றாள்.

அவருக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை, கையை நீட்டினார். கத்திக் காயமும் கொழுப்பு வாசனையுமாக இருந்த அந்தப் பெரிய கையை அவள் இரண்டு கையாலும் வாங்கி, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் சூடு பறக்கத் தேய்க்க ஆரம்பித்தாள். வாசலில் நின்ற ராஜகனி அக்கா அதைப் பார்த்தாள், பார்த்தும் ஒரு சொல் சொல்லவில்லை, சால்வையை மடித்துக்கொண்டே இருந்தாள்.